சோளக்கட்டைப் பேனைகள் பற்றிய ஒரு திருத்தம்

மகனுக்கு, வாப்பாவின் ஸலாம்.

இதை நீ சிலாபத்தில், தச்சு வேலை பழக்கிய பாஸின் பட்டறை வாசலில் இருந்து படிப்பாய் என்று நினைக்கிறேன். பாஸ் வீட்டில் தமிழ்ப் பத்திரிகை எடுப்பதில்லை என்பதால், உன் உம்மா இங்கே ஒன்று வாங்கி பஸ்காரரிடம் கொடுத்தனுப்புவதாக இருக்கிறார். வீட்டுக்குள் சொல்ல வேண்டியதைப் பத்திரிகையில் ஏன் எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும். வாசகர்களுக்குத் தெரியாது. பிழை அவர்கள் முன்னால் செய்யப்பட்டது. ஆகவே அவர்களுக்கும் கேட்கும்படி முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிற இடங்களில் பொறுத்துக்கொள்.

போன பெருநாளுக்குப் பிறகு இதே பக்கத்தில் உன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். 'குப்பைமேட்டில் பிறக்கும் பேனைகள்' என்று தலைப்பும் நானே வைத்தேன். கற்பிட்டி இளைஞர் ஒருவர், மணிகளை உதிர்த்த பின் மிஞ்சும் சோளக்கட்டைகளைக் கடைந்து பேனை செய்கிறார் என்பது செய்தி. அது உண்மை. அந்த இளைஞர் என் மகன் என்பதைக் கடைசி வரியில்தான் சொன்னேன். வாசகர்கள் அதை ரசித்தார்கள். ஆனால் முதல் பந்தியை இப்படித் தொடங்கியிருந்தேன்: கரைத்தீவுப் பக்கத்து அகதிக் குடியிருப்புக்கு அருகேயுள்ள குப்பைமேட்டில், ஊரார் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் இடத்தில், அவர் குனிந்து சோளக்கட்டை பொறுக்குகிறார். அந்த வாக்கியத்தில் குடியிருப்பும் மேடும் இருப்பது உண்மை. மற்றது எதுவும் உண்மையில்லை.

அது எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன். ஒரு நாள் நான் வடிகான் உடைந்த செய்தி ஒன்றைக் கொழும்புக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, வீட்டோடு ஒட்டிய சார்ப்புக்குள் உன் கடைசல் மெஷின் அலறத் தொடங்கியது. ஞாயிறு இதழின் ஆசிரியர், என்னை மூத்தவர் என்று நானா போட்டு அழைப்பவர், அந்தப் பக்கத்தில் சிரித்தார். "என்ன நானா, வீட்டுக்குள்ள ஆலை போட்டிரிக்கீங்களா?" என்றார். "இல்ல தம்பி, மகன் சோளக்கட்டையில பேனை கடையிறார்" என்றேன். "சோளக்கட்டையிலயா? இத வீட்டுல வெச்சிக்கிட்டா எனக்கு வடிகான் செய்தி சொல்றீங்க? எழுதித் தாங்க நானா. கொஞ்சம் உருக்கமா."

ளுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். அஸருக்குப் பாங்கு சொல்லுமுன் எழுதி முடித்துவிட்டேன். அந்த நேரம் முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கம் நீ கடைந்துகொண்டிருந்தாய். மெஷின் நிற்பதும் ஓடுவதும் எனக்குக் கேட்டது. எழுந்து வந்து கதவைத் தள்ளி, "மகன், இந்தக் கட்டை எங்க எடுக்கிறாய்?" என்று ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. நீ என் மகன். உன்னைப் பற்றி எனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். ஒரு தரம் நான் பாலாவியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, குடியிருப்புப் பக்கத்து வளைவில், குப்பைமேட்டின் அருகே உன் மோட்டார் சைக்கிள் நிற்பதையும், நீ ஓர் உரப்பையோடு குனிந்திருப்பதையும் ஜன்னலால் கண்டிருந்தேன். பஸ் வளைவைக் கடக்கிற நேரம்தான் அந்தக் காட்சி இருந்தது. அதை வைத்து முதல் பந்தியைக் கட்டிவிட்டேன். அது உருக்கமாகவும் இருந்தது.

பத்திரிகை வந்த காலையில் கூடுதலாகப் பிரதிகள் வாங்கி, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில் கொடுத்தேன். "மகன் வாப்பாவ மிஞ்சிட்டார்" என்று சொன்னவர்களுக்கு என் செலவில் பிளேன்டீ. வீட்டுக்கு வந்தபோது நீ சார்ப்பின் வாசலில் நின்று படித்துக்கொண்டிருந்தாய். என் முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு இருந்திருக்க வேண்டும். அதை நினைக்கும்போதுதான் எனக்கு உடம்பு கூசுகிறது.

"வாப்பா, இது யார் சொன்னது?" என்றாய்.

"எது மகன்?"

"குப்பைமேடு."

"நானே கண்டேனே. பஸ்ஸுல வரக்குள்ள. வளைவுல."

நீ பத்திரிகையை மடித்தாய். "கயிறு அவுண்டுட்டுது வாப்பா. அதுல நிப்பாட்டி சாக்கக் கட்டினேன்" என்றாய். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. உள்ளே போய் மெஷினைத் துடைத்தாய். வயரைக் கழற்றிச் சுருட்டினாய். பழைய படுக்கை விரிப்பு ஒன்றால் அதை மூடினாய். பிறகு சில நாட்களில் பாஸிடமே திரும்பிப் போய்விட்டாய், பேனை கடைவதற்காக முன்னர் நீ விட்டுவந்த கதிரைக் கால் கடையும் வேலைக்கு. கட்டாரில் வேலைக்குப் போகப் பாஸ்போர்ட்டை ஏஜென்சிக்காரரிடம் கொடுத்திருக்கிறாய் என்பதும் எனக்கு உம்மா சொல்லித்தான் தெரியும்.

அன்று நீ உள்ளே போனதும் உம்மா குசினியிலிருந்து வந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. குடியிருப்பில் ஒரு பெண்மணி வீட்டைச் சுற்றிச் சோளம் போடுகிறார். விதைக்கும் கோழித் தீனுக்கும் அதை விற்கிறார். கோழித் தீனுக்குப் போகிற சோளத்தைத் தடியால் அடித்து உதிர்த்தால் வேலை சுருக்கமாக முடியும். ஆனால் கட்டை நசுங்கும். உனக்கென்று நேரான கதிர்களைத் தெரிந்தெடுத்து, பெருவிரலால் மணி மணியாக உதிர்த்து, தகரக் கூரையில் காயவைத்து, கடற்காற்று ஈரம் ஏறாமல் பத்திரிகைத்தாளில் சுற்றி அலுமாரி மேல் வைத்திருப்பாராம். நீ போகிற நாளில் எடுத்துத் தருவாராம். முதலில் கட்டைக்காகத்தான் அங்கே போனாய். பிறகு அவருடைய மகளைக் கண்டாய். அந்தப் பிள்ளைக்கும் விருப்பம், தாய்க்கும் விருப்பம். பெருநாள் கழிந்து என்னிடம் சொல்லலாம் என்று நீயும் உம்மாவும் பேசி வைத்திருந்தீர்கள். அதற்குள் நான் எழுதிவிட்டேன்.

"ஊருல எவன்ட மாடு காணாமப் போனாலும் நாலு வீட்டுக்குப் போய்க் கேப்பீங்க" என்றார் உம்மா. "உச்சமுனையில தோணி கவுண்டா, தோணிக்கு என்ன நிறம் எண்டு பாக்க வள்ளம் புடிச்சிப் போவீங்க. பெத்த புள்ளட்ட ஒரு வார்த்த கேக்கல்ல. சுவர் ஒண்டுதானே நடுவுல?"

'கட்டை எங்கே எடுக்கிறாய்' என்று கேட்டிருந்தால் நீ அந்த வீட்டைச் சொல்லியிருப்பாய். வீட்டைச் சொன்னால் தாயைச் சொல்லியிருப்பாய். தாயைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி, மகளையும் சொல்லியிருப்பாய். ஒரு புதிய நிருபர் முதல் நாளில் கேட்கிற கேள்வி அது. அந்தப் பிள்ளையின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

கட்டுரைக்குப் பிறகு எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. "அந்தக் குப்பைப் பேனை இரிக்கா?" என்று கேட்டார்கள். பரிசளிப்பு விழாவுக்கு வேண்டுமென்று ஒருவர், வெளிநாட்டு விருந்தினருக்குக் கொடுக்க என்று இன்னொருவர். நான் உன் இலக்கத்தைக் கொடுத்தேன். நீ எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்: "இல்ல, அப்பிடி ஒண்டு நாங்க செய்றதில்ல." குடியிருப்பிலோ வேறு விதமாக இருந்திருக்கிறது. தண்ணீர்க் குழாயடியில் அந்தத் தாயிடம், "என்ன, மருமகன் குப்பையில பொறுக்கிறாராமே, பேப்பர்லயே போட்டிரிக்கி" என்றிருக்கிறார்கள். இன்னொருத்தி, "அவர் பொறுக்கினது உங்கட வீட்டுக் குப்பையா, பொதுக் குப்பையா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள். யுத்த காலத்தில் மற்ற முஸ்லிம்களோடு வடக்கிலிருந்து வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டு, ஓலைக் கொட்டிலில் பிள்ளை பெற்று, யுத்தம் முடிந்த பின் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் திரும்பிப் போனபோதும் இங்கேயே வீட்டைக் கட்டி நின்ற ஒருவரின் வாசலை, நான் குப்பைமேட்டின் பக்கம் என்று ஊருக்கு அடையாளம் காட்டியிருந்தேன்.

நானும் உம்மாவும் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனோம். இதை நான் உனக்குச் சொல்லவில்லை; உம்மா சொல்லியிருந்தாலும் என் வாயால் கேள். அவர் எங்களை உள்ளே அழைத்து, கதிரைகளைத் துடைத்துப் போட்டு இருக்கச் சொன்னார். குசினி வாசல் எதிரே இருந்தது. அடுப்பில் கேத்தலுக்குக் கீழே எரிந்தவை விறகு அல்ல. எல்லாம் சோளக்கட்டைகள், நேரான, நசுங்காத கட்டைகள். நான் பார்ப்பதை அவர் கண்டார். "குப்பைதானே, எரிப்பம் எண்டு" என்றார்.

அந்த அடுப்பில் கொதித்த தேத்தண்ணியைத்தான் எங்களுக்குத் தந்தார். குடித்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ வீடுகளில் தேத்தண்ணி குடித்துச் செய்தி எடுத்திருக்கிறேன். கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தது அங்கேதான்.

"ஒரு பிழை நடந்துட்டுது" என்று தொடங்கினேன்.

"நடக்கல்ல" என்றார் அவர். "எழுதினீங்க."

உம்மா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்தத் தாய் தொடர்ந்தார்: "முகாம் காலத்துல எங்களப் பத்தி எழுத எத்தினையோ பேர் வந்தாங்க. கேமராவும் கொண்டு வந்தாங்க. புள்ளைகள அழச் சொல்லிப் படம் எடுத்த ஆக்களும் இரிக்காங்க. அவங்களாவது வாசல்ல நிண்டு 'என்ன சாப்பிட்டீங்க' எண்டு கேட்டுட்டு எழுதினாங்க. நீங்க வரவே இல்ல."

மன்னிக்க வேண்டும் என்றேன். பிழையாக எழுதிவிட்டேன், தெரியாமல் எழுதிவிட்டேன், என்று ஏதேதோ சொன்னேன். அவர் கையை மடித்து வைத்துக்கொண்டு கேட்டார். "என்னிட்ட இத சொல்லி என்ன செய்ய? எனக்குத்தான் அது பிழை எண்டு முதல்லயே தெரியுமே. தெரியாத ஆக்களுக்குச் சொல்லுங்க. எங்க போட்டீங்களோ அங்கயே போடுங்க."

"உங்கட பேர் போடலாமா?" என்று கேட்டேன். இந்த விஷயத்தில் நான் ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"போடாம? குப்பைக்குப் பேர் வேணாம். கட்டை தந்தவளுக்குப் பேர் இரிக்கு."

போகும்போது உம்மா மெதுவாக, "புள்ளைகள்ட விஷயம்..." என்று இழுத்தார். "முதல்ல பேப்பர்ல வரட்டும் ராத்தா. பிறகு கதைப்பம்" என்றார் அவர். முடியாது என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. அவருடைய மகள் குசினிக்குள் இருந்தாள். அவள் கைவிரலில் மை இருந்ததைக் கண்டேன். நீ கொடுத்த பேனையால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள் என்று எழுத ஆசை வருகிறது. எனக்கு அது தெரியாது. மை இருந்தது, அவ்வளவுதான் கண்டேன்.

ஆசிரியரோடு பேசினேன். "நானா, யாரும் வழக்குப் போட்டிரிக்காங்களா? இல்லையே? நல்லாப் போன கட்டுரை அது. விடுங்க" என்றார். நான் விடவில்லை. உள்பக்கத்தில் நாலு வரி போடலாம் என்றார். அதே பக்கம், அதே இடம் வேண்டும் என்றேன். கடைசியில், "அப்ப மகனுக்குக் கடிதம் மாதிரி எழுதித் தாங்க. வாசகர்மார் விரும்புவாங்க" என்றார். ஒத்துக்கொண்டேன். வேறு வழியில் அந்த இடம் கிடைக்காது. ஆனால் மகன், என் பிழையைத் திருத்தவும் உன்னையே மறுபடி பத்திரிகையில் ஏற்ற வேண்டியிருப்பது எனக்கு இரண்டாம் தரமும் வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் உனக்குத் தொலைபேசி எடுத்தேன். "மகன், எழுதலாமா?" என்றேன். பாஸின் மெஷின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. "இந்தத் தரம் கேட்டுட்டு எழுதுறீங்க போல" என்றாய். பிறகு, "எழுதுங்க. என்ட பேர் வேணாம்" என்றாய். நான் போடவில்லை.

கடிதம் என்றால் அறிவுரை இருக்க வேண்டும் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். எனக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் சொல்ல இருக்கிறது, அதில் நான் தோற்றவன் என்பதால். உனக்கு நிக்காஹ் நடந்தால், இன்ஷா அல்லாஹ் நடக்கட்டும், கூட இருக்கிற ஆளைப் பற்றி எனக்குத் தெரியும் என்று இருந்துவிடாதே. நீ சிலாபத்துக்குப் போன பிறகு ஒரு பகல், நானும் உம்மாவும் சோற்றுக்கு உட்கார்ந்தோம். கட்டா மீன் கருவாட்டுக் கறி. ஏதாவது பேச வேண்டுமே என்று, "உங்களுக்கு இது இவ்வளவு விருப்பமா?" என்று கேட்டேன். உம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கா? எனக்கு வாசமே ஒத்துக்காது. உங்களுக்கு விருப்பம் எண்டுதானே ஆக்கிறன்." எனக்கும் அது பிடிக்காது, மகன். அவருக்கு விருப்பம் என்று நினைத்துத்தான் கல்யாணமான காலம் தொட்டுச் சந்தையில் வாங்கி வருகிறேன். உம்மா சிரித்தார். உன் மெஷின் மூடப்பட்ட பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோற்றுத் தட்டில் ஒரு கேள்வியைக் கேட்க இவ்வளவு காலம் எடுத்த நான், ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரிந்திருக்கிறேன்.

கட்டாருக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பேனை கடைவதை விடாதே என்றும் சொல்லமாட்டேன். அது உன் கை, உன் வேலை. அந்த வேலை என்னவென்றே கட்டுரை எழுதும்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். கட்டையின் நடுவில் இருப்பது பஞ்சு என்பதும், அதைத் துளைத்துப் பித்தளைக் குழாய் ஒட்டுவது என்பதும், மரம் போல நினைத்து உளி வைத்தால் அது மெஷினிலேயே வெடித்துச் சிதறும் என்பதும், அதனால் ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து இறுகவைத்த பிறகே கடைவாய் என்பதும், மணிகள் இருந்த குழிகளில் அந்த ரெசின் நின்றுதான் வட்ட வட்டமாகத் தெரிகிறது என்பதும் எல்லாம் நான் பிறகு உம்மாவிடம் கேட்டு அறிந்தவை. சார்ப்பு வாசலில் ஏன் அடிக்கடி சிவந்த தூள் கிடக்கிறது என்று பெருக்குகிற அவர் கேட்டிருக்கிறார். மிதித்துக்கொண்டு போன நான் கேட்கவில்லை.

இனி, பத்திரிகை முறைப்படி.

திருத்தம். இப்பக்கத்தில் முன்னர் வெளிவந்த 'குப்பைமேட்டில் பிறக்கும் பேனைகள்' என்ற கட்டுரையில், பேனை செய்யப் பயன்படும் சோளக்கட்டைகள் குப்பைமேட்டிலிருந்து பொறுக்கப்பட்டவை எனக் கூறப்பட்டது பிழை. அவை கரைத்தீவுப் பக்கத்துக் குடியிருப்பில் வசிக்கும் சுலைஹா என்பவர் தன் வீட்டு வளவில் விளைந்த சோளத்திலிருந்து கையால் உதிர்த்து, காயவைத்து, விலை பெறாமல் கொடுத்தவை. கட்டுரையாளர் அவரையோ பேனை செய்பவரையோ விசாரிக்காமல் எழுதினார். தலைப்பும் பிழை. இரண்டாவது: அந்தப் பேனை 'எழுத எழுத வழுக்கிச் செல்கிறது' எனக் கூறப்பட்டதும் பிழை. கட்டுரையாளர் அப்பேனையால் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை.

அந்த இரண்டாவதை நீயும் அறிந்திருக்கமாட்டாய். பெருநாளன்று ஸலாம் சொல்லிக் கையில் தந்தாயே, அந்தப் பேனை. அதைப் பெட்டியோடு கண்ணாடி அலுமாரியில், எனக்குக் கிடைத்த பாராட்டுக் கேடயங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். மதிப்பு என்று நினைத்தேன். கட்டுரைக்குப் படம் எடுக்க ஒரு தரம் வெளியே எடுத்தேன். பிறகு திரும்பவும் பூட்டினேன். இந்தக் கடிதத்தையாவது அதால் எழுதலாம் என்று இன்று காலை எடுத்தேன். எழுதும் முனை உள்ளே இருக்கிறது. மூடி என்று ஒன்று தெரியவில்லை. இழுக்க வேண்டுமா, திருக வேண்டுமா என்பதும் தெரியவில்லை. பலமாகத் திருகினால் திறக்கும் போலிருந்தது. உடையும் போலவும் இருந்தது. வைத்துவிட்டு, கடையில் வாங்கிய பேனையால் இதை எழுதினேன்.

அது இப்போது மேசையில் இருக்கிறது. பூட்டவில்லை. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், மகன்?

வாப்பா